பாளையங்கோட்டை மாநாட்டுக்குப் போய்க் கல்லிடைக்குறிச்சியில் இறங்கிய கதை

பிள்ளைகளைப் போதை ஒழிப்பு மாநாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்காக இதைப் போடுகிறேன். இதுவரை இந்தப் பக்கத்தில் நான் போட்டதெல்லாம் கோயில், அருவி, எந்த ஊரில் எந்தக் கடையில் சோறு வாயில் வைக்க நன்றாக இருக்கும் என்கிற சமாசாரம்தான். எனக்கு எழுத்துக்கூட்ட வராது. நான் பேசப் பேசக் கைபேசி எழுதிக்கொள்ளும். தப்பை என் தம்பி மகள் செல்வி திருத்துவாள். இந்தத் தடவை பயணமே அவளுடையது. நான் துணைக்குப் போனவன்.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை. மாநாடு பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில். பெண்பிள்ளையோடு வீட்டு ஆள் ஒருவர் வந்தே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். தம்பி துபாயில் இருக்கிறான். அவன் பெண்டாட்டி பார்வதிக்கு அன்றைக்கு வாழை இலை அறுப்பு. இலை அறுப்பை ஒருநாள் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்று கேட்கிறவர்கள் இலை வியாபாரிகளோடு பேசிப் பழகாதவர்கள். அதை விடுவோம். அப்படித்தான் நான் கிளம்பினேன்.

விஷயம் என்னவென்றால், வெளிநாட்டு அமைப்பு ஒன்று ஏழெட்டு நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு காரியம் கேட்டிருந்தது. "உங்கள் பள்ளியைச் சுற்றி என்ன விற்கிறது, யார் வாங்குகிறார்கள், கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். உங்கள் பெயர் வேண்டாம், ஊர்ப் பெயரும் வேண்டாம்." பிள்ளைகள் சொல்வதை வைத்துத்தான் மற்ற பிள்ளைகளைக் காப்பாற்றப் போகிறார்களாம். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற செல்வி எழுதினாள். அவள் வகுப்புப் பையன் ஒருவன், உதட்டுக்குள் ஒதுக்கிவைக்கிற புகையிலைப் பொட்டலத்தில் ஆரம்பித்து, மாத்திரைக்குப் போய், அப்புறம் கஞ்சாவுக்குப் போய், பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிட்டான். எல்லாம் பள்ளி வாசலுக்கு எதிரே நோட்டும் பேனாவும் விற்கிற கடையில்தான் கிடைக்கிறது. "பென்சில் இருக்கா" என்று கேட்டால் பென்சில் வரும். "பெரிய பென்சில்" என்று கேட்டால் அது வரும். இவ்வளவையும் எழுதி, டீச்சர் மூலமாக அனுப்பிவிட்டாள். அந்த எழுத்து வெளிநாட்டுக்காரர்களுக்குப் பிடித்துப்போய், அதே டீச்சர் வழியாக மாநாட்டில் வந்து பேசக் கூப்பிட்டார்கள்.

எங்கள் ஊர் ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே ஆறு கிலோமீட்டர். காலை ஆறரைக்கு மினி பஸ் பிடிக்க, மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரிகிற விலக்குக்கு வந்தோம். வந்தால், பஸ் நிற்கிற இடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு பிளக்ஸ். நடுவில் செல்வியின் முகம். எனக்கு முதலில் சந்தோஷம்தான். எங்கள் பக்கத்தில் காதுகுத்துக்குப் பிளக்ஸ், கன்றுக்குட்டி பிறந்ததற்குப் பிளக்ஸ், ஒருத்தன் புது பைக் வாங்கியதற்கு பைக்குக்கே மாலை போட்டுப் பிளக்ஸ் வைத்தான். நம் வீட்டுப் பிள்ளை பரவாயில்லை, நல்ல காரியத்துக்கு முகம் வந்திருக்கிறது என்று நினைத்தேன். செல்வி அசையாமல் நின்றாள்.

"என்னட்டி போட்டிருக்கு? வாசி."

அவள் வாசித்தாள். "பள்ளி வாசலில் போதைப் பொருள் விற்பதை உலகுக்கு அம்பலப்படுத்திய எங்கள் வீரமங்கை."

கீழே அவள் பெயர், வகுப்பு, பள்ளி, ஊர். அதற்கும் கீழே வரிசையாகச் சின்னச் சின்னப் படங்கள். பிளக்ஸுக்கு நன்கொடை கொடுத்தவர்கள் எல்லாரும் கைகூப்பி நிற்கிறார்கள். அதில் இடமிருந்து மூன்றாவது ஆளை எனக்கு எழுத்து தெரியாமலே தெரிந்தது. நோட்டுக்கடை அண்ணாச்சி.

வைத்தது செல்வியின் தாய்மாமன் சுடலை. கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு அங்கனதான் நின்றான்.

"ஏலே சுடலை, யாரைக் கேட்டுலே இத வச்ச?"

"யாரைக் கேக்கணும் அத்தான்? எம் மருமவ. வெளிநாட்டுக்காரன் கூப்பிட்டுப் பேசச் சொல்லுதான். நம்ம ஊர்ல எவன் பிள்ளைக்கு நடந்திருக்கு?"

"அவ எழுதுனது ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"டீச்சர் பெருமையாச் சொன்னாவ."

"கீழ நிக்கது யாருன்னு பாத்தியா?"

"நன்கொடை குடுத்தவுக படம் போடணும்லா? பிள்ளை மாநாட்டுக்குப் போவுதுன்னேன். நல்ல காரியம்னு எடுத்துக் குடுத்தாரு."

"பள்ளி வாசல்ல எத்தனை கடைலே இருக்கு?"

சுடலை விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தான். ஒரு விரலோடு நின்றுவிட்டது. அந்த விரலை அவன் விரிக்கவும் இல்லை, மடக்கவும் இல்லை. அதற்குள் மினி பஸ் வந்துவிட்டது.

மினி பஸ்ஸுக்கு ஆளுக்குப் பத்து ரூபாய். ஸ்ரீவைகுண்டத்தில் இறங்கினால் ரயில் நிலையம் ஊருக்குள் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். அணைக்கட்டுப் பாலத்தைத் தாண்டி ஆற்றுக்குத் தென்கரையில், புதுக்குடிப் பக்கம் இருக்கிறது. இரண்டு கிலோமீட்டருக்குக் குறையாது. நேரம் இருந்தால் நடக்கலாம். மார்கழி மழைத் தண்ணீர் இன்னும் அணையில் வழிந்துகொண்டிருந்தது, மேல்பக்கம் பூராவும் ஆகாயத்தாமரை என்கிற அமலைச் செடி. பெருவெள்ளம் வந்த வருஷம் இந்த நிலையத்தில்தான் ஒரு ரயில் நிறைய ஜனத்தோடு மாட்டிக்கொண்டது. ஊர்க்காரர்கள் இருந்த அரிசியை வடித்துச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். சுடலையும் இடுப்பளவு தண்ணீரில் அண்டாவைத் தூக்கிக்கொண்டு போனவன்தான். அவன் கெட்டவன் இல்லை என்பதற்காகச் சொல்லுகிறேன்.

நெல்லைக்குப் போகிற பாசஞ்சரில் டிக்கெட் பத்து ரூபாய். பாளையங்கோட்டை நிலையத்திலேயே இறங்கிக்கொள்ளுங்கள், நெல்லை ஜங்ஷன் வரை போக வேண்டியதில்லை. வண்டி தாதன்குளத்தைத் தாண்டும்போது என் கைபேசி அடித்தது. நோட்டுக்கடை அண்ணாச்சி.

"அண்ணாச்சி, ரயில் ஏறியாச்சா?"

"ஆச்சு."

"பிளக்ஸ் நல்லா இருக்கு. என் படந்தான் கொஞ்சம் சின்னதாப் போச்சு." சிரித்தான். "பிள்ளை நல்லாப் படிக்கிற பிள்ளை. விடியக்காலம் ரைஸ்மில் பக்கமா டியூசனுக்குத் தனியாப் போவுது பாத்துக்கிடுங்க. நம்ம பிள்ளை மாதிரிலா, அதான் சொல்லுதேன். அங்கன மேடையில சின்னப்பிள்ளை விளையாட்டா எதையாவது சொல்லிரப் போவுது. வச்சிரட்டுமா?"

ஒரு வார்த்தை வையவில்லை. வைதிருந்தால் எனக்குப் பதிலுக்கு வைய வழி இருந்திருக்கும். செல்வி காதிலும் விழுந்திருக்கிறது. வெளியே ஓடுகிற வாழைத் தோட்டத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"பெரியப்பா, அப்ப நான் பேசட்டா வேண்டாமா?"

"ஒனக்கு என்ன தோணுது?"

"பேசாம வந்தாலும் பிளக்ஸ் அங்கனதான நிக்கும். இதை அவங்ககிட்டச் சொன்னாத்தான, எழுதுன மத்த பிள்ளைகளாவது தப்பும்."

நிலையத்திலிருந்து கல்லூரிக்கு ஆட்டோ எண்பது ரூபாய் கேட்டார்கள், கொடுத்தோம். வாசலில் சந்தனம், கல்கண்டு, ரோஜாப்பூ. உள்ளே ஏசி, போர்வை கொண்டுபோனால் நல்லது. பெரிய திரையில் வேறு வேறு நாட்டுப் பிள்ளைகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தார்கள். வெளிநாட்டிலிருந்து நேரில் வந்தவர்கள் ஒரு வெள்ளைக்கார அம்மாவும், இலங்கையிலிருந்து நாலைந்து மாணவர்களும். தமிழில் பேசினால் இங்கிலீசில் சொல்ல ஒரு கோட்டுப் போட்ட சார் மேடையில் இருந்தார்.

ஆளுக்கு மூன்று நிமிஷம். டீச்சர் எழுதிக்கொடுத்த இங்கிலீசுப் பேச்சைச் செல்வி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, தமிழில் பேசினாள். எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது.

"பேர் வேண்டாம்னு சொல்லித்தான் எழுதச் சொன்னீங்க. நான் எழுதினேன். இன்னைக்கு எங்க ஊர் விலக்குல என் படம், பேர், பள்ளிக்கூடம் எல்லாம் போட்டு பிளக்ஸ் வச்சிருக்காங்க. பாராட்டித்தான் வச்சிருக்காங்க. நான் யாரைப் பத்தி எழுதினேனோ, அவரும் அதுல கைகூப்பி நிக்காரு. ரயில்ல வரும்போதே எங்க பெரியப்பாவுக்குப் போன் போட்டு மிரட்டிட்டாரு. எங்ககிட்ட எழுதி வாங்குறதுக்கு முன்னாடி, எழுதினவங்களைப் பாதுகாக்க என்ன வச்சிருக்கீங்க? அதை முதல்ல சொல்லுங்க."

தமிழ் தெரிந்தவர்கள் எல்லாரும் மடியைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். கோட்டுக்காரர் ஒலிவாங்கியை வாங்கி, சிரித்த முகத்தோடு இங்கிலீசில் நாலு வரி சொன்னார். அவ்வளவுதான், வெள்ளைக்கார அம்மா எழுந்து நின்று கைதட்டினார். திரையில் இருந்த பிள்ளைகளும் தட்டினார்கள். செல்வி ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். நான் யாரைப் பார்க்க?

மதியச் சாப்பாடு அவர்களே போட்டார்கள். கத்தரிக்காய் சாம்பார், அவியல், பால் பாயசம்; குறை சொல்ல ஒன்றும் இல்லை. வரிசையில் நிற்கும்போது இலங்கைப் பிள்ளை ஒருத்தி செல்வியின் தோளைத் தொட்டாள். யாழ்ப்பாணமாம்.

"தங்கச்சி, நீங்கள் சொன்னதை அவர் சொல்லவேயில்லை. விளங்கினதோ?"

"பின்ன என்ன சொன்னாரு?"

"ஊரே சேந்து உங்களைப் பாராட்டிப் பெரிய பதாகை வச்சிருக்கெண்டும், வியாபாரிகளே காசு குடுத்து ஆதரிக்கினம் எண்டும், நீங்கள் எல்லாருக்கும் நன்றி சொல்லுறீங்கள் எண்டும் சொன்னவர்."

ஒன்றுகூடப் பொய் இல்லை பாருங்கள். பிளக்ஸ் உண்மை, நன்கொடை உண்மை. நன்றி மட்டும் அவர் கைச்சரக்கு. நான் கோட்டுக்காரரிடமே போய்க் கேட்டேன்; அவரோ, "அண்ணாச்சி, வெளிநாட்டுக்காரங்க முன்னாடி நம்ம ஊரை நாமளே கேவலப்படுத்தலாமா? பிள்ளை நல்லதுக்குத்தான் செஞ்சேன்" என்றார். பாயசம் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

அந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளையே செல்வியை வெள்ளைக்கார அம்மாவிடம் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னாள். அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. செல்வியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அப்புறம் பையைத் திறந்து ஒரு அட்டையைக் கொடுத்தார். நடந்ததையெல்லாம் விவரமாக எழுதி இந்த விலாசத்துக்கு அனுப்ப வேண்டுமாம். பெயர் போடத் தேவையில்லையாம்.

நாலரைக்கு விட்டார்கள். டவுன் பஸ்ஸில் ஜங்ஷனுக்கு வந்தோம். அதில் பெண்களுக்கு இலவசம், டிக்கெட் எனக்கு மட்டும்தான். ஊருக்குத் திரும்ப, திருச்செந்தூர் வண்டிக்கு டிக்கெட் வரிசையில் நிற்கிறேன், பார்வதி கூப்பிட்டாள்.

"அத்தான், புள்ளைய இங்கன கூட்டிட்டு வராதீய."

"என்ன தாயி?"

"ரெண்டு பயலுவ பைக்ல வந்தானுவ. செல்வி எந்த ரயில்ல வாரான்னு கேட்டுட்டுப் போறானுவ. கல்லிடைக்குறிச்சியில எங்க அக்கா வீட்ல கொண்டு விட்டுருங்க. நான் பேசிட்டேன்."

"பரீட்சைக்கு இன்னும் ஒரு மாசந்தான இருக்கு?"

"உசுரோட இருந்தா எழுதட்டும்." வைத்துவிட்டாள்.

செல்வியிடம் சொன்னேன். ரயில் நிலையம் என்றும் பார்க்காமல் கத்தினாள்.

"நான் என்ன களவாண்டுட்டா ஓடுதேன்? அவன் கடையில உக்காந்து வியாபாரம் பாக்கான், நான் ஊரைவிட்டுப் போவணுமா?"

"பைய பேசுட்டி, ஆளுக பாக்காவ."

"மேடையில அவரு என் பேச்சையே மாத்திட்டாரு. இப்ப நீங்களும் பைய பேசச் சொல்லுதீக."

கல்லிடைக்குறிச்சி வழியாகப் போகிற செங்கோட்டை வண்டிக்கு டிக்கெட் எடுத்தேன். இதற்கும் பத்து ரூபாய்தான், ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விடும். சேரன்மகாதேவி தாண்டினால் மேற்கே மலை நன்றாகத் தெரியும் என்று நானே இந்தப் பக்கத்தில் முன்னே சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு ஜன்னல் ஓரத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம், மலையை யாரும் பார்க்கவில்லை.

செல்வியின் பெரியம்மா வீட்டில் அப்பளம் போடுகிறார்கள். மச்சு முழுக்க உளுந்து வாசனை. பள்ளிச் சீருடையோடு போய் இறங்கிய பிள்ளைக்கு மாற்றுத்துணி கூட இல்லை. பெரியம்மா தன் சேலையைக் கொடுத்தாள். செல்வி சுவரோரம் உட்கார்ந்து கணக்குப் புத்தகத்தை நாளைக்கே கொண்டுவரச் சொன்னாள். அழவில்லை.

சுடலை பிளக்ஸை மறுநாளே கழற்றிவிட்டான். பள்ளியிலிருந்து இரண்டு பேர் அந்தக் கடைக்குப் போய்ப் பார்த்தார்களாம். நோட்டும் பேனாவும்தான் இருந்ததாம். பெரிய பென்சில் கேட்டுப் பார்த்தார்களா என்று நான் கேட்டேன்.

இனிப் போகிறவர்களுக்கு நான் சொல்லுவது கொஞ்சம்தான். பிள்ளை எழுதியது பள்ளியில் யார் யாருக்குத் தெரியும் என்று முதலில் கேளுங்கள். சொந்தக்காரர்களிடம் மாநாடு என்று சொல்லாதீர்கள், கல்யாண வீடு என்று சொல்லுங்கள். மேடையில் மொழி மாற்றிச் சொல்லுகிற ஆள் யார் என்று விசாரியுங்கள். முடிந்தால் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பக்கத்தில் உட்காருங்கள். திரும்பி வர டிக்கெட்டை முன்கூட்டி எடுத்து வைக்காதீர்கள்.

மார்ச்சில் பரீட்சை. செல்வி எழுதுவேன் என்கிறாள், அதுவும் அவள் பள்ளியிலேயே எழுதுவாளாம். அதற்கான வழியையும் பார்த்து வைத்துவிட்டேன் (இதில் உள்ள பேரையும் ஊரையும் செல்வி மாற்றித்தான் போட்டிருக்கிறாள்). கல்லிடைக்குறிச்சியிலிருந்து முதல் வண்டியில் நெல்லை. அங்கிருந்து பஸ்ஸில் வந்து, ஊருக்கு இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கிவிட வேண்டும். வாய்க்கால் கரையோடு ஒன்றரை கிலோமீட்டர் நடை. வாழைத்தோப்புக்குள் புகுந்தால் சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் ஒரு சின்னக் கதவு. சமையல்கார அக்கா திறந்து விடுவதாகச் சொல்லியிருக்கிறாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும், சகதி. முன்வாசல் வழியாகப் போனால் பஸ் நிறுத்தத்திலிருந்து இருநூறு அடிதான். அந்த வழி இப்போதைக்கு நோட்டுக்கடைக்காரனுக்கும் அவனிடம் பென்சில் வாங்குகிறவர்களுக்கும்.