லோவெல் விட்டுக்கொடுத்த கடைசி இடம்

லோவெல் ஹார்ட்ஸாக் தன் வாழ்நாளில் ஒரு பேஸ்பால் பருவத்தைக்கூடச் சரியாகக் கணித்ததில்லை. அவர் முதலிடம் என்று எழுதிய அணி நடுவில் எங்காவது முக்கிக்கொண்டிருக்கும். தேறாது என்று எழுதிய அணி கோப்பையைத் தூக்கும். இருந்தாலும் மார்ச் மாதம் அணிகளை வரிசைப்படுத்தி அவர் எழுதும் முன்னோட்டம் கைக்கு வராமல் ஃபோர்ட் வேன் நகரில் எங்கள் பன்னிரண்டு பேருக்கும் குளிர்காலம் முடிந்ததாகத் தோன்றாது. வெளியே பனி உருகினால் என்ன, உருகாவிட்டால் என்ன.

எங்கள் லீக் கம்ப்யூட்டருக்குள் நடப்பது. நிஜ ஆட்டக்காரர்களை எங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறோம். ஓர் ஆள் ஓர் அணிக்குத்தான். அவர்கள் போன வருடம் மைதானத்தில் செய்த கணக்கை வைத்து இந்த வருட ஆட்டங்களைக் கம்ப்யூட்டர் ஆடிக் காட்டும். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்துவிட்டவனும் எங்களிடம் இன்னும் ஒரு வருடம் பந்தை விளாசிக்கொண்டிருப்பான். ஞாயிறுதோறும் யார் பந்து வீசுவது, யார் எந்த வரிசையில் மட்டை பிடிப்பது என்று அனுப்பிவைப்பதுதான் எங்கள் வேலை. என் கணவர் இதை ஆவிகளோடு ஆடும் சீட்டாட்டம் என்பார். அவர் வாரம் தவறாமல் மீன் பிடிக்கப் போய் வெறுங்கையோடு வருகிறவர் என்பதால் நான் பதில் சொல்வதில்லை.

லோவெல் காப்பீட்டு நிறுவனத்தில் இருந்தவர். நசுங்கிய காரைச் சுற்றி வந்து பார்த்து, யார் எங்கே பிரேக் போடத் தவறினார்கள் என்று எழுதுவது அவருடைய உத்தியோகம். ஓய்வுக்குப் பிறகு எங்கள் அணிகளைச் சுற்றி வந்தார். அவர் எழுதியது ஆட்டக்காரர்களைப் பற்றி என்று பெயர்; உண்மையில் எங்களைப் பற்றித்தான். எனக்கு ஒரு வருடம், 'மார்லாவுக்குப் பயம் வந்தால் பந்துவீச்சாளர்களை வாங்குவார், மட்டை பிடிப்பது யார் என்று ஜூன் மாதம் யோசிப்பார்' என்று எழுதினார். கோபம் ஒரு வாரம் நீடித்தது. ஜூன் மாதம் யோசித்தேன்.

அந்த முன்னோட்டத்தை வாசிப்பதற்கு எங்களிடம் ஒரு முறை உண்டு. பருவம் தொடங்குவதற்கு முந்தைய சனிக்கிழமை, முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தின் பின்னறையில் மதியச் சாப்பாடு. தட்டைவிடப் பெரிய பன்றி இறைச்சி வறுவலை ரொட்டிக்குள் திணித்துத் தின்ற பிறகு, தாள்கள் கைமாறும். அவரவர் அணியைப் பற்றி எழுதியிருப்பதை அவரவரே எழுந்து நின்று உரக்க வாசிக்க வேண்டும். பன்னிரண்டாம் இடத்தில் தொடங்கி முதலிடம் வரை. நடுவில் நிறுத்தக் கூடாது, எதிர்வாதம் கூடாது.

முதலில் எழுந்து நிற்பது எப்போதும் லோவெல்தான். கடைசி இடத்தை வருடா வருடம் தன் அணிக்கே கொடுத்துக்கொள்வார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "யாராவது ஒருத்தர் முதல்ல அசிங்கப்பட்டாத்தான் மத்தவங்களுக்குத் தைரியம் வரும். அது நானாவே இருந்துட்டுப் போறேனே" என்றார்.

அவருடைய நெருங்கிய சிநேகிதர் வெண்டெல் டாக்கெட். மளிகைக்கடையில் இறைச்சி வெட்டும் மேசைக்குப் பின்னால் காலம் தள்ளியவர். பேர் தெரியாத இளைஞர்களில் எவன் தேறுவான் என்று மோப்பம் பிடிப்பதில் எங்களில் யாராலும் அவருக்குக் கிட்ட வர முடியாது. டாலிவர் என்ற பையனை, அவன் மைதானத்தில் கால் வைத்த முதல் வருடமே எடுத்தவர் அவர். இன்று ஷார்ட்ஸ்டாப் இடத்தில், அதாவது இரண்டாவது மூன்றாவது தளங்களுக்கு நடுவே நின்று பந்தை அள்ளுவதில், அவனுக்கு ஈடு கிடையாது.

வெண்டெலின் மனைவி லோர்னா இறந்த வருடம், லோவெல் மனது கேட்காமல் அவருடைய உதவாக்கரை அணிக்கு மூன்றாம் இடம் கொடுத்து நாலு நல்ல வார்த்தையும் எழுதினார். வெண்டெல் எழுந்து வாசித்தார், தாளை மேசைமேல் வைத்தார், கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். கோடை முழுக்க இருவருக்கும் பேச்சில்லை. எங்கள் ஊரில் சாவு வீட்டுக்கு, மீனும் பாலாடைக்கட்டியும் போட்ட நூடுல்ஸைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வேகவைத்துக் கொண்டுபோவது வழக்கம். அதை வைத்துத்தான் கடைசியில் வெண்டெல் பேசினார். "எம்மேல இரக்கமா இருந்தா நூடுல்ஸ் கொண்டு வாடா. தின்னுட்டுப் பாத்திரத்தக் கழுவித் தரேன். உன் எழுத்துல மட்டும் இரக்கம் காட்டாத." லோவெல் சரி என்றார். அதன் பிறகு வெண்டெலைப் பற்றி அவர் ஒரு வரிகூடக் கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை.

போன குளிர்காலத்து ஆளெடுப்பு நாளில் நடந்தது இது. யாரிடமும் இல்லாத புது ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக முறை வைத்துக் கூப்பிட்டு எடுக்கும் நாள். வெண்டெலின் முறை வந்தது. முகமெல்லாம் மலர, ஒரு பொக்கிஷத்தைக் கண்டவர்போல, "டாலிவர்" என்றார். டாலிவர் அவரிடமே பல வருடமாக இருக்கிறான். அறை சிரித்தது, நானும் சிரித்தேன். அந்தக் கிழவருக்குக் குறும்பு அதிகம் என்று நினைத்தோம். அடுத்த சுற்றில் மறுபடியும் "டாலிவர்" என்றார், அதே மலர்ச்சியோடு. அப்போது சிரித்தவர்கள் குறைவு.

லீக் தலைவர் டென்னி வோகல்சாங் கெட்டவர் இல்லை. ஓட்டுநர் உரிமம் கேட்டு வருகிறவர்களைப் பக்கத்தில் உட்கார்ந்து சோதித்தவர், அவ்வளவுதான். சிவப்பு விளக்கில் நிற்காதவன் சொந்த அண்ணனானாலும் தோல்விதான். மார்ச் தொடக்கத்தில் அவர் லோவெல் வீட்டுக்கு வந்தபோது நானும் அங்கே சமையலறையில் இருந்தேன். முன்னோட்டத்தில் எழுத்துப்பிழை பார்ப்பது என் பொறுப்பு.

டென்னி சுற்றி வளைக்கவில்லை. அணியை நடத்த முடியாதவரிடமிருந்து அதை ஓட்டெடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று சட்டம் இருக்கிறது, காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள் என்றார். வெண்டெலுக்கு இனி அது பாரம்தானே என்றும் கேட்டார். முன்னோட்டம் வாசித்து முடிந்ததும் ஓட்டெடுப்பதாக முடிவு செய்திருந்தார்.

"நீ பாத்தத அப்படியே எழுது, லோவெல். அவர் நல்லாத்தான் இருக்கார்னு நீ எழுதினா ஒருத்தனும் கை தூக்க மாட்டான். உன் பேச்சுக்கு மதிப்பிருக்கு. அதனாலதான் பொய் எழுதாதங்கறேன்."

லோவெல் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "நம்ம லீக்கே போன வருஷத்துலதான் வாழுது, டென்னி. அவன் மட்டும் இன்னும் கொஞ்சம் பின்னாடி போயிட்டான்" என்றார். டென்னிக்கு அது பதிலாகப் படவில்லை.

அவர் போனதும் நான் லோவெலைப் பிடித்துக்கொண்டேன். லோர்னா போன பிறகு அந்த மனிதருக்கு மிஞ்சியிருப்பது ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலமும் அந்த அணியும்தான், அதையும் பிடுங்கிவிட்டால் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து உறைந்துபோவார் என்று சொன்னேன். ஐந்தாம் இடமோ ஆறாம் இடமோ போட்டுத் தொலைத்தால் குடி முழுகிவிடுமா என்றும் கேட்டேன். லோவெல் சுருக்கமாக, "அவனுக்குத் தெரிஞ்சிடும், மார்லா. பேருதான் மறக்குது. இரக்கம் காட்டினா இன்னிக்கும் கண்டுபிடிச்சிடுவான்" என்றார். அந்த வருடம் பதினோரு அணிகளின் பக்கங்களை மட்டும்தான், அதுவும் யாருக்கு எத்தனையாம் இடம் என்று போடாமல், எனக்குக் காட்டினார். வெண்டெலின் பக்கத்தைக் கேட்டேன். பிழை இருந்தால் இருக்கட்டும் என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவருடைய நாயைக்கூடத் தட்டிக்கொடுக்காமல் கிளம்பினேன்.

சனிக்கிழமை வந்தது. வெண்டெல் சவரம் செய்து, லோர்னா வாங்கிக் கொடுத்த பச்சை ஸ்வெட்டரோடு வந்திருந்தார். என்னைப் பெயர் சொல்லாமல் "வாம்மா" என்றார். டென்னி தன் தட்டுக்குப் பக்கத்தில் ஓட்டுச் சீட்டுகளைக் கட்டாக வைத்திருந்தார்.

தாள்கள் கைமாறின. "பன்னிரண்டாம் இடம்" என்றார் டென்னி. எல்லோரும் சிரிக்கத் தயாராக லோவெலைப் பார்த்தோம். லோவெல் எழவில்லை. அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் தாளைப் புரட்டினேன். பன்னிரண்டாம் இடத்தில் டாக்கெட் என்று இருந்தது. இந்த மனிதர் இத்தனை வருடம் தானே சுமந்துகொண்டிருந்த இடத்தை, போயும் போயும் இந்த வருடம், வெண்டெலின் தலையில் இறக்கிவிட்டாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெண்டெல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தார். இறைச்சி மேசையில் வாடிக்கையாளர்களை வரிசை நம்பர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகிய குரல். வயதானாலும் கணீரென்று இருந்தது.

"பன்னிரண்டாம் இடம், டாக்கெட். ஷார்ட்ஸ்டாப்பில் டாலிவர் இருக்கிறான். லீக்கில் அவனை மிஞ்ச ஆளில்லை. அவனைத் தவிர இந்த அணியில் சொல்லிக்கொள்ள யாருமில்லை. காரணம், ஆளெடுப்பு நாளில் இந்த அணிக்காரர் புதிதாக யாரையும் எடுக்கவில்லை. தன்னிடம் இருக்கும் டாலிவரையே எடுத்தார். பிறகு மறுபடியும் எடுத்தார். நாங்கள் சிரித்தோம். அது வேடிக்கை இல்லை என்று எங்களுக்குத் தெரியும்."

வெண்டெல் நிறுத்தினார். நடுவில் நிறுத்தக் கூடாது என்பது விதி. யாரும் அதைச் சொல்லவில்லை. அவர் விரலை வரிக்கு அடியில் வைத்துக்கொண்டு தொடர்ந்தார்.

"அவருக்கு ஞாபகம் நழுவுகிறது. ஆனால் ஓர் ஆட்டக்காரனின் கணக்கை முன்னால் வைத்தால், அவன் தேறுவானா மாட்டானா என்று இன்றைக்கும் எங்கள் எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிடுவார். போன செவ்வாய்க்கிழமை என் வீட்டில் அப்படிச் சொன்னார். பார்வை இருக்கிறது, பெயர்கள்தான் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்தில் உட்கார்ந்து பெயர்களைச் சொல்ல ஒருவர் இருந்தால், அணியை அவரே நடத்துவார். நான் போகிறேன். அதனால் என் அணி கெட்டுப்போகும் என்பதையும் யோசித்துத்தான் இந்த வரிசையைப் போட்டிருக்கிறேன்."

அவ்வளவுதான் இருந்தது. வெண்டெல் தாளைத் திருப்பிப் பார்த்தார், அடுத்த பக்கத்தில் கண்ணை ஓட்டினார். பிறகு கண்ணாடிக்கு மேலாக லோவெலைப் பார்த்தார்.

"பதினொன்னாவது நீயா?"

"ஆமா."

"எனக்கு மேலயா? உனக்குக் கொழுப்புடா."

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. நான் சிரித்தபோது என் கன்னம் ஈரமாக இருந்தது. அதைத் துடைக்கத் தோன்றவில்லை. வெண்டெல் உட்கார்ந்து, மிச்சமிருந்த இனிப்புத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

டென்னி ஓட்டுச் சீட்டுக் கட்டை எடுத்தார். பக்கத்தில் துணைக்கு ஒருவர் உட்காரக் கூடாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை என்றார், யாரோ தன்னோடு வாதாடியதுபோல. ஆளெடுப்பு நாளில் வீணாய்ப்போன இரண்டு முறைக்குப் பதிலாக, மீதமிருக்கிறவர்களில் இரண்டு பேரை வெண்டெல் எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். பிறகு சீட்டுகளைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, "பதினொன்னாவது இடம், எந்திரி" என்றார். லோவெல் எழுந்து தன் பக்கத்தை வாசித்தார். அதில் என்ன இருந்தது என்று எனக்கு நினைவில்லை.

எல்லாம் முடிந்து வெளியே வந்தோம். கார் கண்ணாடியில் படிந்த பனியை நான் சுரண்டிக்கொண்டிருந்தேன். இரண்டு கார் தள்ளி லோவெல் தன் வண்டியின் பின்கதவைத் திறந்து, தாள் சுற்றிய கண்ணாடிப் பாத்திரம் ஒன்றை எடுத்து வெண்டெலிடம் நீட்டினார். சமைக்கவே தெரியாதவர், ஓரமெல்லாம் கருகிய வாசனை எனக்கே வந்தது.

"நூடுல்ஸா?" என்றார் வெண்டெல்.

"நூடுல்ஸ்தான்."

வெண்டெல் அதை இரண்டு கையாலும் வாங்கி வயிற்றோடு அணைத்துக்கொண்டார். காரில் ஏறப்போனவர் திரும்பி நின்றார். உள்ளே மேசைக்கு முன்னால் இருந்த குரல் இப்போது இல்லை.

"நான் நெசமாவே ரெண்டு தடவ கூப்பிட்டேனா, லோவெல்?"

"ரெண்டு தடவ."

வெண்டெல் பாத்திரத்தைக் கையில் சரிசெய்துகொண்டார். "அவன் ஆளு அப்படிடா" என்றார். "மூணாவது தடவ கேட்டிருந்தாலும் அவனத்தான் எடுத்திருப்பேன்."

லோவெல் அவருக்காகக் காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு வருகிறேன் என்றார்.