குளக்கரையில் நரித் தடம்

எங்கள் பனியன் கம்பெனிக்குப் பின்பக்கம் ஒரு குளம் இருக்கிறது. குளம் என்று பேர், தண்ணீர் கொஞ்சம், மிச்சமெல்லாம் சீமைக்கருவேலம் புதர். நீர்ப்பறவைகள் வந்து தங்குவதால், பறவை பார்க்கும் எங்கள் குழு அந்தக் குளத்தை வரைபடமாக்க ஆசைப்பட்டது. குழுவில் ட்ரோன் ஓட்டும் உரிமம் என்னிடம் மட்டும்தான் இருந்தது. அந்த மிதப்பும் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

விடியற்காலையில் காற்று அடங்கியிருக்கும். அப்போதுதான் பறக்க விடுவேன். எடுத்த படங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் சேர்த்து ஒட்டிப் பார்த்தபோது, புதருக்குள் மெல்லிய கோடுகள் தெரிந்தன. எண்ணெய் தேய்த்த தலையில் வகிடு எடுத்ததுபோல் அவ்வளவு சுத்தமான கோடுகள். பழைய சாட்டிலைட் படங்களைத் தேடி எடுத்தேன். சில வருடங்களுக்கு முன்பு அந்தக் கோடுகள் இல்லை. புதிதாக ஏதோ ஒரு விலங்கு வந்து சேர்ந்திருக்கிறது என்று முடிவு கட்டினேன். பக்கத்து ஊரான மங்கலத்தில் யாரோ ஊளைச் சத்தம் கேட்டதாகச் சொன்னதும் நினைவுக்கு வந்தது. அப்புறம் என்ன, நரியேதான்.

குழுக் கூட்டத்தில் வரைபடத்தைப் பெரிய திரையில் போட்டேன். கோடுகளுக்கு மஞ்சள் நிறம் கொடுத்து, பக்கத்தில் ‘நரித் தடம்’ என்று எழுதியிருந்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். நரிக்குப் பாதுகாப்பாக அந்தப் புதரைச் சுற்றிக் கம்பிவேலி போடச் சொல்லி மனு கொடுப்பதென்று அன்றைக்கே பேசி முடித்தோம். கம்பெனியை நடத்தும் என் அண்ணன், படத்தைச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, எங்க அம்மிணி கண்டுபிடிச்சது என்று பெருமையடித்துக்கொண்டார்.

அதற்கடுத்த வாரம் ட்ரோனை இறக்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தேன். தைத்த பனியனைச் சரிபார்க்கும் செக்கிங்கில் வேலை செய்யும் ஒடிசாப் பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றாள். வெளியூர் ஆட்களுக்காகக் கம்பெனி வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் தங்கியிருப்பவள். கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. வேலைக்கு வந்த இடத்தில் பழகிய தமிழில் கேட்டாள்.

“அக்கா, அது என்னிக்கு மேல வரும்னு முன்னாடியே சொல்லுங்க. நாங்க அதுக்குள்ள போயிட்டு வந்துர்றோம்.”

எங்கே போய்விட்டு என்று நான் வாய்விட்டே கேட்டேன். அவள் பாட்டிலைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். விடியலில் புதருக்குள் ஒதுங்கப் போகும் பெண்களெல்லாம் ட்ரோன் சத்தம் கேட்டதும் மரத்தடியில் ஒடுங்கிக்கொள்வார்களாம். சில நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே ஷிப்டுக்குப் போய்விடுவார்களாம். என் படங்களில் ஓர் ஆள்கூட விழாததற்கு அதுதான் காரணம். எனக்கு அங்கேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

லைன் வீடுகளுக்குக் கழிப்பறை இல்லாமல் இல்லை. நீல டைல்ஸ் ஒட்டியது, வரிசையாக இருக்கிறது. பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர்களின் ஆட்கள் ஆடிட் என்று சோதனைக்கு வரும் நாளில் திறப்போம். மற்ற நாளில் திறந்தால் கறை பிடித்துவிடும் என்று பூட்டி, சாவியை ஆபீஸ் ஆணியில் மாட்டிவிடுவோம். பட்டுப்புடவையை விசேஷத்துக்கென்று பீரோவில் வைக்கிறோமே, எங்களுக்கு அந்த மாதிரி. ஆடிட்டுக்காக அதைப் படம் எடுத்து அனுப்பியவளே நான்தான். பூட்டியிருக்கிறதே, இவர்கள் எங்கே போகிறார்கள் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. லைன் வீடு கட்டிய பிறகுதான் அந்தக் கோடுகள் வந்தன என்பதைக்கூட நான் யோசிக்கவில்லை. நரியைப் பற்றி யோசிக்க மட்டும் எனக்கு நேரம் இருந்தது. இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அன்றைக்கே அண்ணனிடம் போனேன்.

“அது நரி இல்லீங்கண்ணா. நம்ம லைன் ஊட்டுப் பொம்பளைங்க.”

அவர் முகம் சுண்டிப்போனது. வெளியில் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார். சாவியை அவரே ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவர் கெட்டவரில்லை. என்னைவிடக் கெட்டவரில்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும். கழிப்பறைகளை அன்று மாலையே திறந்துவிட்டோம். கம்பிவேலி மனுவை நான் ஏதேதோ சாக்குச் சொல்லி நிறுத்திவைத்தேன்.

ஐப்பசி மழை விட்டதும் மறுபடி பறக்க விட்டேன். அதற்கு முந்தின நாளே லைன் வீட்டுக்குப் போய் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு வந்தேன். இனிமேல் சொல்லத் தேவையில்லை என்று சிரித்தாள். எடுத்த படத்தில் புதர் முழுக்க மூடியிருந்தது. ஒரு கோடுகூட இல்லை.

அந்தப் படத்தைக் கூட்டத்தில் போட்டபோது எல்லோர் முகமும் வாடிவிட்டது. அண்ணனும் அன்றைக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். குழுவில் மூத்தவரான ஓய்வுபெற்ற ஆசிரியர் திரையைக் காட்டிக் கேட்டார்.

“நரியெல்லாம் போயிருச்சுங்களா?”

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமாங்க,” என்றேன். “போயிருச்சுங்க.”

அந்தப் பெண்களை இரண்டாவது தடவையும் நரியாக்கினேன். இந்தத் தடவை தெரிந்தே.