ஊசி உடைந்தால் லைன் நிற்கும்

எங்கள் பனியன் கம்பெனி வாசலில், தீயணைக்கும் சிலிண்டருக்குப் பக்கத்தில், என் போட்டோவை மாட்டியிருக்கிறார்கள். பெண்கள் புகார் கமிட்டியில் நான் ஓர் உறுப்பினர். ரேஷன் கடையில் பெயர் கேட்டாலே தொண்டை அடைத்துக்கொள்ளும் என்னை எதற்குத் தேர்ந்தெடுத்தார்கள் என்று முதலில் புரியவில்லை. அதற்காகத்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்று பிறகு புரிந்தது. எங்கள் சரக்கை வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆள் ஆடிட்டுக்கு வந்து ஏதாவது புகார் உண்டா என்று கேட்டால், "இல்லீங்க" என்று சொல்ல, அதற்கு மேல் பேசாத ஒருத்தி வேண்டும். மானேஜர் ஒத்திகைகூட வைத்தார். பேசாமல் இருப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே நன்றாக வரும்.

ஆனால் அந்தப் போட்டோவை நிஜம் என்று நம்பி ஒருத்தி வந்துவிட்டாள்.

என் பக்கத்து ஓவர்லாக் மிஷினில் தைக்கிற பெண். விருதுநகர்ப் பக்கம். குடோனுக்குத் துணி எடுக்கப் போனவளை எங்கள் லைன் சூப்பர்வைசர் கதவைச் சாத்திவிட்டுப் பின்னாலிருந்து பிடித்திருக்கிறான். கை வைக்கக் கூடாத இடத்தில் கை வைத்திருக்கிறான். யாரோ தள்ளுவண்டியை உருட்டி வரும் சத்தம் கேட்டுத்தான் விட்டானாம். மத்தியானம் கை கழுவும் இடத்தில் இதைச் சொன்னாள். சொல்லிவிட்டு, நான் என்ன கேட்கப் போகிறேனோ என்று என் முகத்தையே பார்த்தாள்.

"இப்ப நீ என்ன பண்ணோணும்னு நெனைக்கறே, கண்ணு?" எனக்குக் கேட்க வந்தது அவ்வளவுதான்.

"நான் என் மிஷின்ல உக்காந்து வேல பாக்கணும்க்கா. அந்தாளு அங்க நிக்கக் கூடாது."

அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை.

அவள் புகார் எழுதிக் கொடுத்தாள். கமிட்டி கூடியது. தலைவி முதலாளியம்மா. பிறகு மானேஜர், நான். வெளியாள் ஒருவரும் வர வேண்டும் என்பது சட்டம். வாசலில் என் போட்டோவுக்குப் பக்கத்தில் அவர் போட்டோவும் உண்டு, அதை விட்டு அவர் இறங்கி வரவில்லை. முதலாளியம்மா தங்கமானவர், யாரையும் அதட்டிப் பேச மாட்டார். அன்றும் அதட்டாமல்தான் கேட்டார்.

"ஏனம்மணி, அந்நேரத்துக்கு ஒரு சத்தம் போட்டிருக்கலாமல்ல?"

அவள் தரையைப் பார்த்தாள். பயத்தில் குரல் வரவில்லை என்று முன்பே சொல்லியிருந்தாள். அதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தொண்டை அடைப்பது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். கத்தாததெல்லாம் சம்மதம் என்றால், இந்த ஊரில் பஸ் கண்டக்டர் தொடங்கி எத்தனையோ பேருக்கு நான் சம்மதம் சொன்னவளாகிவிடுவேன்.

மானேஜர் வேறொன்று கண்டுபிடித்து வைத்திருந்தார். போன வாரம் அவன் வாங்கித் தந்த டீயையும் பன்னையும் இவள் சாப்பிட்டாளாம். டார்கெட் முடித்ததற்காக லைன் மொத்தமும் சாப்பிட்டது. அப்படிப் பார்த்தால் தீபாவளிக்கு முதலாளி தந்த ஸ்வீட் பாக்ஸை வாங்கிக்கொண்ட நாங்கள் எதற்கெல்லாம் ஒத்துக்கொண்டிருக்கிறோமோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

கடைசியில் அவளுடைய பாதுகாப்புக்காக முடிவுகள் எடுத்தார்கள். இனிமேல் பெண்கள் குடோனுக்கு ஜோடியாகத்தான் போக வேண்டும். துப்பட்டாவை இரண்டு பக்கமும் பின் குத்த வேண்டும். அவளைச் சாமளாபுரம் யூனிட்டுக்கு மாற்ற வேண்டும். அவனுக்கும் ஒரு முடிவு உண்டு. பார்த்து நடந்துக்கப்பா என்று சொல்லி ஒரு டீ கொடுத்தார்கள்.

அவளிடம் பக்குவமாகச் சொல்லும் வேலை எனக்கு. நான் பேசாமல் நின்றேன். அதையும் மானேஜர் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டார்.

பக்குவம் எனக்கு வரவில்லை. நடந்ததை அப்படியே சொன்னேன்.

"தப்புப் பண்ணவன் அவன். நான் எதுக்குக்கா பெட்டியக் கட்டணும்?"

நான் போய் என் மிஷினில் உட்கார்ந்தேன்.

நாங்கள் தைப்பது குழந்தைகள் உடுப்பு. ஓர் ஊசி உடைந்தால் லைன் மொத்தமும் நிற்க வேண்டும். உடைந்த துண்டு கிடைக்கும்வரை தேட வேண்டும். எங்கோ ஒரு வெள்ளைக்காரக் குழந்தையின் முதுகில் குத்திவிடக் கூடாது பாருங்கள். ஊசி உடைந்தது என்றால் உடனே நம்புவார்கள். ஏன் கத்தவில்லை, அந்த ஊசியோடு முன்னால் சிரித்துப் பேசினாயா என்றெல்லாம் கேட்க மாட்டார்கள்.

மறுநாள் சாயங்காலம் சரக்கு ஏற்றிக்கொண்டு கண்டெய்னர் கிளம்ப வேண்டும். காலையில் அவன் வழக்கம்போல வந்து, அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று, பீஸ் எத்தனை ஆச்சு என்று குனிந்து கேட்டான். அவள் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டாள். நான் என் துணியை வெடுக்கென்று இழுத்தேன். ஊசி பிளேட்டில் மோதி உடைந்தது. முனையைக் கொண்டைக்குள் செருகிக்கொண்டு கையைத் தூக்கினேன். லைனை நிறுத்தும் வேலை அவனுடையது. நிறுத்தினான். காந்தத்தை எடுத்துக்கொண்டு எங்கள் கால்களுக்கு நடுவே முட்டி போட்டுத் தேடினான். அப்படியொரு காட்சியை எந்தத் திருவிழாவிலும் நான் பார்த்ததில்லை.

தேடி அலுத்து, என் துணிக்கட்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டு லைனை ஓட விட்டார்கள். அவள் ஊசி உடைந்தது. மறுபடி தேடினார்கள். அடுத்து முன் மிஷின் அக்காவுடையது. கை கழுவும் இடத்தில் பேசுவது எல்லார் காதுக்கும் போகும் என்பதால் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மத்தியானத்துக்குள் எங்கள் கொண்டைகள் கனத்துவிட்டன.

மானேஜர் கூப்பிட்டார். ஒரே நாளில் இத்தனை ஊசி எப்படி உடையும் என்று கேட்டார்.

"அவரு லைன்ல நின்னா ஊசி உடையுதுங்க," என்றேன்.

மானேஜர் கண்ணாடிக்கு வெளியே கண்டெய்னரைப் பார்த்தார். அப்படியானால் அவனைச் சாமளாபுரத்துக்கு அனுப்பிவிடலாம் என்றார். அதற்குள் அவளும் வந்து என் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"அங்கயும் பொம்பளைகதான சார் தைக்காங்க?"

சாயங்காலத்துக்குள் அவன் வேலை போய், கேட்டைத் தாண்டியிருந்தான். ஊசி முனைகளை ஒன்று விடாமல் திருப்பிக் கொடுத்தோம். குழந்தைகள்மேல் எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை. அந்த வாரமே வெளியாளும் போட்டோவை விட்டு இறங்கி வந்து, அவள் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டார். இப்போதெல்லாம் ஆடிட்டுக்கு மானேஜர் எனக்கு ஒத்திகை வைப்பதில்லை.

அவள் இப்போது தன் மிஷினில்தான் இருக்கிறாள். சில நாள் நன்றாகத் தைப்பாள். சில நாள் பின்னால் யாராவது நடந்தாலே கை நின்றுவிடும். போலீசுக்குப் போவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. எல்லாரும் என்னைக் கேட்கிறார்கள். அது அவள் முடிவு என்கிறேன். போனால் நானும் கூடப் போவேன். அங்கே பேச எனக்கு வராது. பக்கத்தில் உட்கார வரும்.