பயத்தோடு ஏறிய கம்பம்

1. எந்த வீட்டிலிருந்து?

ஞானராஜ் கம்பத்து உச்சியில் பெல்ட்டில் சாய்ந்து கிடந்தான். அவன் வலது கை மட்டும் கம்பியை விடவில்லை. கீழே நின்று நான் கத்தினேன். அவன் கண் திறந்திருந்தது, ஆனால் பதில் வரவில்லை.

என் பெயர் செபஸ்தியான். மணமேல்குடிப் பக்கம் மின்வாரியத்தின் ஒரு செக்‌ஷன் ஆபீஸில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றேன். ஞானராஜ் என்னோடு வயர்மேனாக வேலை பார்த்தவன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவன். இருவரும் ஒரே கத்தோலிக்கப் பங்குக் கோயிலைச் சேர்ந்தவர்கள். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னைப் பார்த்தால், "பயம் எப்படிண்ணே போச்சு?" என்று கேட்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பெரிய புயல் ஒன்று கடற்கரையைத் துடைத்துப் போட்டுவிட்டுப் போன நாட்கள் அவை. தென்னந்தோப்புகள் படுத்துக் கிடந்தன. கம்பங்கள் ஒடிந்து சாலையில் கிடந்தன. குடிதண்ணீர் மோட்டார் ஓடாததால் ஜனங்கள் குடத்தை வைத்து மறியல் செய்துகொண்டிருந்தார்கள். நாங்கள் ஓர் ஊரின் எல்.டி. லைனை, அதாவது வீடுகளுக்குப் போகிற கம்பியை, இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தோம்.

முறைப்படி எல்லாம் செய்திருந்தோம். டிரான்ஸ்ஃபார்மரில் கரண்டை நிறுத்துகிற ஏ.பி. ஸ்விட்சைத் திறந்து ஃபியூஸைப் பிடுங்கியிருந்தோம். கம்பியில் கரண்ட் இல்லை என்று டெஸ்ட் பண்ணிப் பார்த்துவிட்டு, தப்பி வருகிற கரண்டை மண்ணில் இறக்கிவிடுகிற எர்த் செயினும் மாட்டியிருந்தோம். ஆனால் அந்தச் செயினுக்கும் ஞானராஜ் ஏறிய கம்பத்துக்கும் நடுவில் ஒரு ஜம்பர், அதாவது கம்பியையும் கம்பியையும் இணைக்கிற துண்டு, புயலில் அறுந்திருக்கிறது. கீழே நின்று பார்த்தவர் கண்ணுக்கு அது தெரியவில்லை. அதற்கு அப்பால் ஏதோ ஒரு வீட்டில் யாரோ ஜெனரேட்டரை ஓட்டிவிட்டார்கள். வீட்டுக்குள் ஓடுகிற ஜெனரேட்டர், மெயின் ஸ்விட்சை அணைக்காவிட்டால், தெருக் கம்பிக்கும் கரண்டை ஏற்றிவிடும்.

கூட வந்த கேங்மேன்கள் மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். "வேணாம், தொடாதீங்க!" என்று அலறினேன். கழி முழுக்க நனைந்திருந்தது. அந்த ஊரில் அன்றைக்குக் காய்ந்த கட்டை என்று ஒன்றுகூட இல்லை.

ஜெனரேட்டரை நிறுத்துவதுதான் வழி. ஆனால் எது? நின்று காதைக் கொடுத்தேன். இங்கிட்டு ஒரு சத்தம், அங்கிட்டு ஒரு சத்தம். புயலுக்குப் பிறகு ஊரெல்லாம் வாடகை ஜெனரேட்டர்கள். நான் முதலில் ஓடிப்போன வீட்டில் மோட்டாருக்குத் தனியாக வயர் போட்டிருந்தார்கள், அது இல்லை. அடுத்த சத்தம் தெருக் கோடியிலிருந்து வந்தது. விழுந்து கிடந்த தென்னைகளைத் தாண்டித் தாண்டி ஓடினேன். "சேசுவே, சேசுவே" என்பதைத் தவிர வேறு ஒரு சொல்லும் வாயில் வரவில்லை.

துபாயில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய ராமையா என்பவர் வீடு அது. வாசலில் கூட்டம். ஊர் ஜனங்கள் செல்போனுக்கு சார்ஜ் ஏற்றிக்கொண்டு நின்றார்கள். வெளியூரில் இருக்கிற பிள்ளைகளோடு நாள் கணக்கில் பேச முடியாமல் தவித்தவர்களுக்கு, சொந்தக் காசில் டீசல் ஊற்றி உதவி செய்துகொண்டிருந்தார் அந்த மனிதர்.

"ஆஃப் பண்ணுங்க! மேல ஆளு தொங்குறான்!"

அவர் என்னை ஒரு கணம் புரியாமல் பார்த்தார். பிறகு ஓடிப்போய்ப் பொத்தானை அமுக்கினார். சத்தம் நின்றது. தெருவின் அந்தக் கடைசியிலிருந்து, "கை கம்பியை விட்டுருச்சுண்ணே!" என்று கேங்மேன் கத்துவது கேட்டது.

2. காதுக்குள் ஓடிய ஜெனரேட்டர்

ஞானராஜ் பிழைத்துக்கொண்டான். கம்பியைப் பிடித்த கையின் முழங்கை, கம்பத்தின் குறுக்கே இருக்கிற இரும்பு கிராஸ் ஆர்மில் பட்டிருந்ததால், கரண்ட் நெஞ்சுக்குப் போகாமல் கை வழியாகவே இறங்கிவிட்டது என்றார் டாக்டர். கையைக் காப்பாற்ற முடியவில்லை. முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

விபத்து நடந்த மறுநாளே எனக்கு வேறொரு ஊரில் வேலை. பெல்ட்டை இடுப்பில் சுற்றினேன். கொக்கியை வளையத்தில் மாட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆயிரம் தடவை செய்த காரியம். விரல்கள் வழுக்கின. உள்ளங்கையில் வேர்வை ஊற்றியது. கம்பத்தைப் பார்த்தால் அதன் உச்சியில் அவன் கிடப்பது போலவே தெரிந்தது.

எங்கள் செக்‌ஷனுக்கு ஏ.இ., அதாவது உதவிப் பொறியாளர், ஒரு பெண். சின்ன வயது, இலுப்பூர்க்காரர். ஜீப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் கிட்டே வந்தார்.

"அண்ணே, நீங்க கீழ நில்லுங்க. லைனை நிறுத்தி வைக்கிற எல்.சி. போன் மட்டும் பாத்துக்குங்க."

"ஏறிருவேன் மேடம்."

"ஏற வேணாம். ஒங்க கை ஆடுது. எனக்கே நேத்திலேருந்து பயமாத்தான் இருக்கு."

அவர் அப்படிச் சொன்னதில் கொஞ்சம் மானம் தப்பியது. ஆனால் பயம் போகவில்லை. வீட்டில் அது இன்னும் பெரிதானது. படுத்தால் காதுக்குள் ஜெனரேட்டர் ஓடும். கண்ணை மூடினால் எந்த வீடு, எந்த வீடு என்று தேடி ஓடிக்கொண்டே இருப்பேன். சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தால் அந்தக் கை ஞாபகம் வரும்.

என் மனைவி ரீட்டா ஜெபமாலையை என் கையில் திணித்தாள். சொல்ல உட்கார்ந்தேன். பாதி மணிகளைத் தாண்டுவதற்குள் நெஞ்சு படபடக்க எழுந்துவிட்டேன்.

"எத்தனை வருசமாக் கோயிலுக்குப் போறோம். ஒரு ஜெபம் சொல்ல முடியல எனக்கு," என்றேன்.

"சொல்ல முடியலைன்னா விடுங்க. சும்மா கையில வச்சிருங்க," என்றாள்.

விழாமல் இருக்கக் கயிற்றைப் பிடிப்பது போல அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் விசுவாசம் இவ்வளவுதானா என்கிற வெட்கம் வேறு. பயப்படாதே என்று பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம், நான் பயப்படுவதால் ஆண்டவர் என்னைவிட்டுத் தள்ளிப் போய்விட்டார் என்றே நினைத்தேன்.

3. இடது கை

ஆஸ்பத்திரிக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. அவன் முகத்தை எப்படிப் பார்ப்பது? ரீட்டாதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போனாள்.

வார்டுக்குள் நுழையும்போது சிரிப்புச் சத்தம் கேட்டது. ஞானராஜின் கட்டிலிலிருந்துதான். கட்டுப் போட்ட குறைக் கையைத் தலையணையில் வைத்துக்கொண்டு சாய்ந்திருந்தான். பக்கத்தில் எங்கள் பங்குச் சாமியார் நின்றார்.

"வாங்கண்ணே. வாங்க மதினி. சாமிகிட்ட ஒரு சந்தேகம் கேட்டுக்கிட்டு இருக்கேன். இனிமே செலுவை அடையாளம் எந்தக் கையால போடுறது?"

"இருக்குற கையால போடுப்பா," என்றார் சாமியார்.

அவன் இடது கையை நெற்றிக்குக் கொண்டுபோனான், நெஞ்சுக்கு இறக்கினான், தோளுக்கு வந்ததும் எந்தத் தோள் முதலில் என்று குழம்பி, மூக்கில் இடித்துக்கொண்டான். மறுபடியும் அதே சிரிப்பு. பக்கத்துக் கட்டில்காரர்களும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சாமியார் போன பிறகு கேட்டேன். "எப்புடிடா சிரிக்கிற? எனக்குத் தூக்கம் வந்து எத்தனையோ நாளாச்சு. ஒனக்குப் பயமே இல்லையா?"

அவன் மனைவி முந்திக்கொண்டு சொன்னாள்: "பயமில்லையாவா? தூக்கத்துல கத்துறாருண்ணே. நர்ஸம்மா ஓடி வாராங்க."

ஞானராஜ் தலையசைத்தான். "இருக்குண்ணே. லைட் ஸ்விட்சைப் போட்டாக்கூட ஒடம்பு தூக்கிப் போடுது. இனிமே என்ன வேலை குடுப்பாங்க, பிள்ளைகளை எப்புடிக் கரையேத்துறது, எல்லாப் பயமும் இருக்கு. மொதல்ல, இந்தப் பயத்தை எடுத்துருங்க ஆண்டவரேன்னுதான் அழுதேன். எடுக்கல. அப்புறம் ஒருநாள் அப்புடிக் கேக்குறதை விட்டுட்டேன். பயம் இருந்துட்டுப் போகட்டும், நீங்களும் கூட இருங்கன்னு சொன்னேன். அவ்வளவுதான். மேல கெடந்தப்பவும் அவரு இருந்தாரு. இப்பவும் இருக்காரு. அதை நெனைச்சா சிரிப்பு வருது. ஏன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல."

அந்த நேரத்தில் வெளி வராந்தாவில் யாரோ நிற்பது தெரிந்தது. ராமையா. ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழத்தோடு நின்றார். தினமும் வந்து வராந்தாவிலேயே நின்றுவிட்டு, பழத்தை நர்ஸிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவாராம். உள்ளே வரத் துணிவில்லை.

"அண்ணே, அவரை உள்ள கூப்புடுங்க," என்றான் ஞானராஜ்.

கூப்பிட்டேன். ராமையா கட்டில் ஓரம் வந்து தலை குனிந்து நின்றார். "தம்பி, நான் தெரியாம..." என்று ஆரம்பித்தார்.

"பழம் வாங்கிட்டு வாரீங்க, சரி. ஒத்தைக் கையால எப்புடி உரிக்கிறது? உக்காந்து உரிச்சுக் குடுங்க."

அவர் உட்கார்ந்தார். கண்ணீர் விரல்களில் விழ விழ, நார் கூட இல்லாமல் உரித்துச் சுளை சுளையாக அவன் வாயில் வைத்தார். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குள் இறுகிக் கிடந்த ஒன்று தளர்ந்தது.

4. மறுபடியும் அதே தெரு

அந்த ஊருக்கு மட்டும் இன்னும் வெளிச்சம் வரவில்லை. ஞானராஜ் விட்ட இடத்தில் வேலை அப்படியே நின்றது. ஆள் பற்றாக்குறை. "வேற ஆளுக்குச் சொல்லியிருக்கேண்ணே, நாள் ஆகும்," என்றார் ஏ.இ. மேடம். நானே ஏறுகிறேன் என்று சொன்னேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தேன்.

காலையில் போனதும் செயினை ஒரு பக்கம் மட்டும் மாட்டாமல், ஏற வேண்டிய கம்பத்துக்கு இரண்டு பக்கமும் மாட்டினேன். ஒவ்வொரு ஜம்பராகக் கண்ணால் பார்த்துக்கொண்டே லைன் நெடுக நடந்தேன். பிறகு வீடு வீடாகப் போய் மெயினை அணைக்கச் சொல்லி, அணைத்ததைப் பார்த்த பிறகே அடுத்த வீட்டுக்குப் போனேன். ராமையா தன் ஜெனரேட்டரின் வயரையே கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, கம்பத்தடியில் வந்து நின்றார்.

"இது இங்கதான் இருக்குங்க. நீங்க எறங்குற வரைக்கும் நான் எங்கயும் போக மாட்டேன்," என்றார்.

ஏறினேன். பாதியில் கால் நின்றுவிட்டது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. கம்பத்தைக் கட்டிக்கொண்டு கன்னத்தை சிமெண்டில் வைத்துக்கொண்டேன். வாய் உலர்ந்தது. தொடை நடுங்கி பெல்ட் கொக்கி கிணுகிணுத்தது.

"எறங்கிருங்கண்ணே, ஒண்ணும் தப்பில்ல," என்றார் மேடம்.

ஜெபம் வரவில்லை. வருமென்றும் நான் காத்திருக்கவில்லை. "பயமா இருக்கு. கூட இருங்க," என்று மட்டும் சொன்னேன். யாரோ பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது போலத்தான் சொன்னேன்.

அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. நடுக்கம் நிற்கவில்லை. ஆனால் நடுக்கத்துக்கு அடியில், கிணற்றின் அடித் தண்ணீர் போல, அசையாத ஓர் இடம் இருப்பது தெரிந்தது. இத்தனை நாளும் மேலே அலையடித்துக்கொண்டிருந்ததால் அது இருப்பதே எனக்குத் தெரியாமல் போயிருந்தது. ஒரு காலை எடுத்து வைத்தேன். பிறகு இன்னொரு கால். உச்சிக்குப் போய் எர்த் ராடால் கம்பியைத் தொட்டுப் பார்த்தேன். நடுங்குகிற விரல்களாலேயே ஜம்பரை முறுக்கிக் கட்டினேன். வழக்கத்தைவிட ரொம்ப நேரம் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

இறங்கி, செயின்களைக் கழற்றி, ஆட்கள் எல்லாரும் கீழே இருக்கிறார்கள் என்று பார்த்து, இனி கரண்ட் விடலாம் என்று எல்.சி.யைத் திருப்பிக் கொடுத்தோம். அதற்குப் பிறகு லாரி நிழலில் உட்கார்ந்தது ஞாபகம் இருக்கிறது. உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். வீட்டுக்கு வீடு விளக்கு எரிந்ததும், குடிதண்ணீர் மோட்டார் ஓடியதும், பெண்கள் குலவை போட்டதும் எதுவும் எனக்குத் தெரியாது. எழுப்பப் போனவர்களை மேடம் தடுத்துவிட்டாராம். விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. யாரோ என் தலைக்கு ஒரு துண்டை மடித்து வைத்திருந்தார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு பசித்தது.

5. புதியவர்களுக்கு

பயம் அதோடு போய்விட்டது என்று எழுதினால் பொய். ஓய்வு பெறுகிற வரைக்கும், பெல்ட் மாட்டுகிற ஒவ்வொரு காலையிலும் அது வந்தது. நல்லதுதான். இரண்டு பக்கமும் செயின் மாட்டச் சொன்னதும், வீடு வீடாகப் போகச் சொன்னதும் அந்தப் பயம்தான். பயமில்லை என்று மார் தட்டுகிறவனோடு வேலைக்குப் போகாதீர்கள். கை ஆடினால் கை ஆடுகிறது என்று மேலதிகாரியிடம் சொல்லுங்கள்.

ஞானராஜுக்கு ஆபீஸிலேயே புகார் போன் எடுக்கிற வேலை கொடுத்தார்கள். கரண்ட் இல்லை என்று கோபமாகப் பேசுகிறவர்களைக்கூட அவன் சிரிக்க வைத்துவிடுவான். எனக்கு அந்த வரம் இல்லை. எனக்குக் கிடைத்தது வேறு. சமாதானம் வந்தால்தான் ஆண்டவர் வந்தார் என்று நான் தலைகீழாகப் புரிந்துவைத்திருந்தேன். அவர் முதலில் வந்துவிடுகிறார். நம் உடம்பு நடுங்கி முடிக்கிற வரைக்கும் கூடவே நிற்கிறார். தூக்கம் அதற்குப் பிறகு தானாக வருகிறது.