உப்புச் சர்க்கரை மாற்றிய காலை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கணக்கு டீச்சராக இருந்து பிள்ளைகளை அதட்டி அதட்டியே பழகியது, வீட்டுக்கு வந்தாலும் அடங்காது. என் கணவர் நேர் எதிர். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டு பேசுவார், அதிலும் ஒன்று கேலியாக இருக்கும். என்னை "டீச்சரம்மா" என்றுதான் கூப்பிடுவார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் விஷயத்தில் நுணல் நன்றாகத்தான் இருக்கிறது. கெட்டுப்போனது பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தவர்.

தொண்ணூறுகளின் நடுவில் அவருக்கு முதல் தடவை வாதம் வந்தது. மதுக்கரை சிமென்ட் ஆலைக்கு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சட்டைப் பொத்தானைப் போட வலது கை ஏவினபடி கேட்கவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. இரண்டு வாரத்தில் கிட்டத்தட்டச் சரியாகிவிட்டது. பேச்சு சற்று மெதுவாக வந்தது, வலது கையில் லேசான நடுக்கம் தங்கிவிட்டது.

எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி, ஆர்.எஸ்.புரத்தில், ஒரு டாக்டர் இருந்தார். கழுத்துக்கு ஸ்கேன் எடுத்துவரச் சொல்லி, படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"போர் தண்ணி காச்சுற போசியில வெள்ளையாப் படியுமில்லீங்க? அதாட்ட, மூளைக்குப் போற ரத்தக் குழாயில சுண்ணாம்பு படிஞ்சு கெட்டியாயிருச்சு. இடது பக்கம் வழி ரொம்பக் குறுகலா இருக்குதுங்க."

"மதுக்கரையில இருவத்தஞ்சு வருசமா சுண்ணாம்புக் கல்லு லாரியே பாத்துட்டிருக்கறனுங்க. கல்லு உள்ளயே குடி வந்துருச்சாட்ட இருக்குது" என்றார் என் கணவர்.

டாக்டர் சிரித்துவிட்டார். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை, சிகரெட்டும் பிரஷரும் செய்த வேலை என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "டீச்சர், நீங்க நல்லாக் கேட்டுக்குங்க. இன்னொண்ணு வர்றதுக்கு வாய்ப்பு நெறைய இருக்குது. அதுக்கு முன்னால சில பேருக்குச் சின்னதா ஒண்ணு வந்து காட்டும். கை நழுவும், வாய் குழறும், பத்து நிமிசத்துல தானாச் சரியாயிரும். சரியாயிருச்சுன்னு உட்டுறாதீங்க. அப்பவே கூட்டிட்டு வந்துருங்க. அந்த நேரத்துல ஊசி போட்டுத் தடுத்துப் பாக்கலாம்."

கேட்டுக்கொண்டேன். ஒரு எழுத்து விடாமல் இன்றைக்கும் சொல்வேன்.

சிகரெட்டை அன்றோடு விட்டார். குடி என்று ஒன்றை அவர் தொட்டதே கிடையாது. அவருடைய அப்பா குடித்துக் குடித்தே செத்தவர். தெருவில் விழுந்து கிடந்த அப்பாவைச் சின்ன வயதில் இவர் தூக்கிவந்திருக்கிறார். கல்யாண வீடுகளில் பந்தலுக்குப் பின்னால் ஆண்கள் ஒதுங்கும்போது, இவர் மட்டும் பெண்கள் பக்கம் வந்து உட்கார்ந்து வெற்றிலை மடித்துக் கொடுப்பார். எங்கள் கல்யாணம் ஆன புதிதில் அவர் என்னிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்ட ஒரே விஷயம் அதுதான்.

அந்தச் சமயத்தில்தான் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தோம். கோபிசெட்டிபாளையம் பக்கம், நெல்லும் வாழையும் உள்ள குடும்பம். பையன் இன்ஜினியர். வாதம் வந்த வீடு என்று பேர் வந்தால் பெண்ணை யார் எடுப்பார்கள்? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்று சும்மாவா சொன்னார்கள்? கை ஏன் கொஞ்சம் நடுங்குகிறது என்று கேட்டவர்களிடம், "வண்டியில இருந்து உழுந்துபோட்டாருங்க" என்றேன். அவர் அருகிலேயே இருந்தார். "ஆமாங்க, குழியில உட்டுட்டேன்" என்று ஒத்துப் பாடினார். அந்தப் பொய்யில் எங்கள் இருவருக்கும் பங்கு உண்டு. அடுத்ததில் அவருக்குக் கிடையாது.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் முடிவானதற்கு அடையாளம் உப்புச் சர்க்கரை மாற்றுவது. இரண்டு வீட்டாரும் உப்பும் சர்க்கரையும் கைமாற்றிக்கொண்டால் பேச்சு உறுதி. அதன்பின் யாரும் பின்வாங்க மாட்டார்கள். அதுவரை எதுவும் நடக்கலாம். அன்று காலை எங்கள் வீட்டில் மாற்றுவதாக ஏற்பாடு.

கூடம் நிறைய ஆட்கள். மாப்பிள்ளையின் அப்பா எழுந்து சர்க்கரைப் பொட்டலத்தை நீட்டினார். என் கணவர் இரண்டு கையாலும் வாங்கினார். வலது கை அப்படியே இறங்கியது. பொட்டலம் விழுந்து பிரிந்து, பாயெல்லாம் சர்க்கரை. குனிந்து அள்ளப் போனவர் தள்ளாடிச் சுவரைப் பிடித்தார். என்னமோ சொல்ல வாயைத் திறந்தார். குழறலாக வந்தது. உதடு ஒரு பக்கமாக இறங்கியிருந்தது.

எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. டாக்டர் சொன்னது இதுதான். நாலு தெருதான் தூரம். வாசலில் அவர்கள் வந்த கார் நின்றிருந்தது.

"என்னங்க ஆச்சு சம்மந்திக்கு?" என்று மாப்பிள்ளையின் அப்பா பதறினார். கூடமே என் வாயைப் பார்த்தது. நான் சிரித்தேன். ஐயோ, சிரித்துக்கொண்டே சொன்னேன்.

"ஒண்ணுமில்லீங்க. மகளுக்கு நிச்சயமாகுதுங்கற சந்தோசத்துல காலையிலயே கொஞ்சம் போட்டுக்கிட்டாருங்க."

எல்லோர் பார்வையும் சுவரைப் பிடித்து நின்றவர் மேல் போனது. பிறகு மாப்பிள்ளையின் அப்பா கடகடவென்று சிரித்தார். "அட, இவ்வளவுதானா! ஆம்பளைக, விசேஷம்னா இதெல்லாம் சகஜந்தானுங்க. எங்களையும் கூப்பிட்டிருக்கலாமில்ல சம்மந்தி?" எல்லோரும் சிரித்தார்கள். வேறு பொட்டலம் வந்தது. அவருக்குப் பதிலாக என் தம்பி வாங்கினான். சம்பந்தம் உறுதியானது.

குடிகாரனுக்குச் சம்பந்தம் உண்டு, நோயாளிக்குக் கிடையாது என்பது என் கணக்கு. பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள் போட்ட கணக்கு அது.

அவர் சுவரோரம் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். காது நன்றாகக் கேட்டது. நாக்குதான் எழவில்லை. பத்து நிமிடத்தில், டாக்டர் சொன்ன மாதிரியே, எல்லாம் சரியாகிவிட்டது. விருந்தில் உட்கார்ந்து சாப்பிடவும் செய்தார். நினைத்திருந்தால் அப்போதே சொல்லியிருக்கலாம். மகளின் முகத்தைப் பார்த்தார், வாயைத் திறக்கவில்லை.

அவர்கள் கிளம்ப மணி நாலு. அதற்கப்புறமாவது கூட்டிப் போயிருக்க வேண்டாமா? வீடெல்லாம் பாத்திரம், சொந்தக்காரர்கள். காலையில் போய்க்கொள்ளலாம் என்று விட்டேன். "மன்னிச்சுக்குங்க, வேற வழி தெரியல" என்று மட்டும் சொன்னேன். அவர் சொன்னார்: "எங்கப்பன் பேரையும் சேத்துக் காப்பாத்திட்ட, டீச்சரம்மா." கேலியா கோபமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவர் என்னிடம் பேசிய கடைசி முழு வாக்கியம் அது.

மறுநாள் காலை காபியை வாங்கும்போதே சாய்ந்துவிட்டார். வலது பக்கம் முழுவதும் போயிற்று, பேச்சும் போயிற்று. "நேத்து ஏதாச்சும் அறிகுறி தெரிஞ்சுதுங்களா டீச்சர்?" என்று டாக்டர் கேட்டார். "இல்லீங்க" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சீட்டில் மருந்து எழுத ஆரம்பித்தார்.

சம்பந்தம் முறியவில்லை. மாப்பிள்ளையின் அப்பா ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். "உப்புச் சர்க்கரை மாத்தியாச்சுங்க. இனி அவரு எங்க ஆளு. எங்கய்யனுக்கும் இப்படித்தான் இழுத்துக்கிச்சு. இதுக்கெல்லாம் யாராச்சும் பொண்ணு வேண்டாம்பாங்களா?" என்றார். எனக்குத் தரையில் புதைந்துவிடலாம் போலிருந்தது. போகும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அந்தப் பாழாப்போன குடியை மட்டும் இனித் தொடாம பாத்துக்குங்க." தாழ்த்திய குரல்தான். கட்டிலில் படுத்திருந்தவருக்கு அது கேட்டது.

கல்யாணம் நடந்தது. ஊரெல்லாம் ஒரே பேச்சு: குடிச்சுக் குடிச்சே கை கால் இழுத்துக்கிச்சாம், அப்பனாட்டவே மகனும். வீட்டுக்குப் பார்க்க வந்தவர்கள், புத்தி சொல்வதாக நினைத்து அவர் முகத்துக்கு நேரேயே சொன்னார்கள். நான் காபி போட உள்ளே போய்விடுவேன்.

அவருக்கு இடது கையால் எழுதப் பழக்கினேன். டீச்சர்தானே. சிலேட்டில் கட்டம் போட்டு அ, ஆ என்று ஆரம்பித்தேன். எழுத்துகள் அவருக்குள் கலைந்துபோயிருந்தன. ஒரு "ப" வர நாலு மாதம் ஆயிற்று. ஆனாலும் விடவில்லை. நான் பள்ளிக்கூடம் போன பிறகும் தனியாக எழுதிப் பார்ப்பார். என்ன அவசரம் என்று எனக்குப் புரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அப்பா வாழைத்தாரோடு வந்தார். அவரைக் கண்டதும் என் கணவர் சிலேட்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். நெற்றியெல்லாம் வேர்த்தது. ஒவ்வொரு எழுத்தாக, கோணல் மாணலாக எழுதி, சிலேட்டைத் திருப்பி அவரிடம் நீட்டினார்.

"கண்ணாடிய மறந்துபோட்டு வந்துட்டனுங்க. என்ன எழுதியிருக்காரு, நீங்களே படிங்க" என்று சிலேட்டை என்னிடம் கொடுத்தார் சம்பந்தி.

சிலேட்டில் "நா குடிக்கல" என்று இருந்தது.

எழுத்துப் பிழைகூட இல்லை. மகள் கல்யாணம் முடிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. இனி உடைவதற்கு ஒரு சம்பந்தமும் இல்லை. உடைவதென்றால் என் மானம் ஒன்றுதான். என் கணவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"'வாங்க'ன்னு எழுதியிருக்காருங்க" என்றேன்.

"வந்துட்டனுங்க சம்மந்தி!" என்று மாப்பிள்ளையின் அப்பா கண் கலங்க அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

என் கணவர் அந்தப் பிடியிலிருந்து கையை மெதுவாக உருவினார். என்னிடமிருந்து சிலேட்டை வாங்கினார். எழுதியதை உள்ளங்கையால் துடைத்தார். அதற்கப்புறம் மூன்று வருடம் இருந்தார். பலப்பத்தை ஒரு நாளும் தொடவில்லை.