அபிசீனியா போன நல்லெண்ணெய்

ஜெபமலருக்கு அபிசீனியாவில் வேலை கிடைத்ததும் தென்காசியில் பாதிப்பேர் அது எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். மீதிப்பேர் தெரிந்த மாதிரி தலையாட்டினார்கள். மிஷன் பெண்கள் பள்ளியில் சயன்ஸ் டீச்சர் வேலை. இங்கே ஆவணி முடிகிற சமயம் அங்கே வருஷம் பிறக்குமாம், பள்ளிக்கூடமும் அப்போதுதான் திறக்குமாம். அது போதாதென்று, நாம் ஐம்பத்தொன்பதில் இருக்கும்போது அவர்கள் ஐம்பத்திரண்டில் இருக்கிறார்களாம்!

"யம்மா, எனக்கு ஏழு வயசு குறையப் போவுது!" என்று ஜெபமலர் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"நல்லதாப் போச்சு. இருபத்தேழு ஆயிட்டுன்னு சொல்லுதவ வாயெல்லாம் அடைச்சிரலாம்" என்றாள் அம்மா ரெபேக்காள்.

ரெபேக்காளுக்கு ஒரே ஒரு குறைதான். பள்ளிக்கூட வருஷம் தொடங்கும்போதெல்லாம் அந்த வீட்டில் சீரகம் போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி, தலையோடு கால் தேய்த்துக்கொண்டு குற்றாலத்து ஐந்தருவியில் போய் நிற்பது வழக்கம். ஜெபம் பாதிரியார் பண்ணுவார். எண்ணெய் ரெபேக்காள் பொறுப்பு. இந்தத் தடவை போனால் அருவியில் வெள்ளம், போலீஸ்காரர் கிட்டேயே விடவில்லை. காய்ச்சிய எண்ணெயைப் பாட்டிலில் ஊற்றி, மெழுகு வைத்து அடைத்து, மகளின் பெட்டிக்குள் திணித்தாள்.

"எங்கனயாவது அருவியக் கண்டா நின்னுரு, என்னட்டி? குளிக்காம வருஷத்தத் தொடங்காத."

அபிசீனியாவில் ஜெபமலர் போய்ச் சேர்ந்த மலையூர்ப் பள்ளியின் தலைமையாசிரியை மிஸ் ஹில்டா, சுவீடன்காரர். ஓங்குதாங்கான ஆள். "போன வருஷம் வந்த சயன்ஸ் வாத்தியாரை இந்தப் பெண்கள் ஓடவைத்துவிட்டார்கள். உங்களுக்கு ஒரு வாரம். வகுப்பு கைக்குள் வரவில்லையென்றால் தையல் வகுப்புக்குப் போய்விடுங்கள்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்.

தையலா! ஜெபமலருக்கு ஊசியில் நூல் கோக்கவே வராது. பி.எஸ்ஸி. படித்தது இதற்கா? முதல்நாள் தொண்டை வறளப் பாடம் நடத்தினாள். பெண்கள் வாயை இறுக மூடிக்கொண்டு மூக்கால் ரீங்காரம் போட்டார்கள். யாரென்று கண்டுபிடிக்க முடியுமா? அறைக்கு வந்து அழுதேவிட்டாள் பாவம்.

மறுநாள் விடிந்ததும் ஜன்னலைத் திறந்தாள். மலைச்சரிவு முழுக்க மஞ்சள் பூ. அதன் நடுவே, அட கர்த்தரே, அருவி!

கால் தரையில் பாவவில்லை. எண்ணெயை வழிய வழியத் தேய்த்தாள், பழைய சேலையை வரிந்து கட்டினாள், ஓடிப்போய் அடியில் நின்றுவிட்டாள். தண்ணீரா அது, பனிக்கட்டி! நடுமண்டையில் விழுந்த வேகத்தில் சந்தோஷம் தாங்காமல் கத்தினாள்.

அந்தப் பள்ளியில் அருவியைத் தூர நின்று பார்ப்பார்கள், அவ்வளவுதான். பால் கொண்டுவந்தவள் டீச்சரைக் கண்டு அலறினாள். மணி அடித்தார்கள். புது டீச்சர் விழுந்துவிட்டாள் என்று மிஸ் ஹில்டா கயிற்றோடு ஓடிவர, பின்னால் ஹாஸ்டலே திரண்டு வந்தது. அருவியைப் பார்த்து ஆள் ஓடிவந்தால் குற்றாலத்துப் பக்கத்துக்காரிக்கு வேறென்ன தோன்றும்? சற்றுத் தள்ளி நின்று, கையை ஆட்டி, தமிழிலேயே கூவினாள்: "வாங்க, வாங்க! இடம் இருக்கு!"

மிஸ் ஹில்டாவுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "ஒரு வாரம் எதற்கு? இன்றைக்கு ஒரு வகுப்பு எடுங்கள். நாளையிலிருந்து தையல்."

சீயக்காய் போடக்கூட நேரமில்லை. ஈரத்தலையும் எண்ணெய் வாசமுமாக வகுப்புக்குள் போனாள். ரீங்காரத்தைக் காணோம்! அத்தனை கண்ணும் அவள் மேல்தான். ரீங்காரத்துக்கே தலைவியான அல்மாஸ் எழுந்தாள்.

"மிஸ், முடியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் உங்கள் கையில் ஏன் ஒட்டவில்லை? உருண்டு ஓடுகிறதே!"

எப்படியும் போகிற வேலைதானே! ஜெபமலர் எண்ணெய்ப் பாட்டிலை வரவழைத்தாள். "பதில் கிடக்கட்டும், கையை நீட்டுங்கள்." ஒரு கையில் எண்ணெய், மறு கை வெறுமே, இரண்டிலும் தண்ணீர். வெறுங்கை நனைந்தது, எண்ணெய்க் கையில் முத்து முத்தாக உருண்டது. ஏன் உருண்டை? எண்ணெய் ஏன் மிதக்கிறது? வாத்து நனையாதது இதனால்தானா? நான் முந்தி, நீ முந்தி என்று கேட்கிறார்கள்!

கூச்சலைக் கேட்டு, வகுப்பு கைமீறிவிட்டது என்று மிஸ் ஹில்டா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். அல்மாஸ் அவர் கையையும் பிடித்து எண்ணெய் தடவி, தண்ணீரையும் விட்டுவிட்டாள். ஓடுகிற துளியையே பார்த்துக்கொண்டு நின்றார் மனுஷி. பிறகு, "தையலுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஜெபமலருக்கு அந்த இடத்திலேயே குதிக்க வேண்டும்போல இருந்தது.

அடுத்த சீசனுக்கு அவள் லீவில் வந்தபோது மிஸ் ஹில்டாவும் கூட வந்தார். ரெபேக்காள் விடுவாளா? எண்ணெயைப் பூசி ஐந்தருவிக்கு இழுத்துப் போனாள். "ஏட்டி, தொரசானிக்குக் கொஞ்சம் எடம் விடுங்க!" என்று கூட்டத்தை விலக்கி உள்ளே நிறுத்தினாள். தண்ணீர் தலையில் விழுந்ததும் மிஸ் ஹில்டா போட்ட சத்தம் இலத்தூர் வரை கேட்டிருக்கும்.

ஜெபமலர் துண்டுகளைக் காவல் காத்துக்கொண்டு கரையில் நின்றாள். மிஸ் ஹில்டா அவளைப் பார்த்தார். சற்றுத் தள்ளி நின்று, கையை ஆட்டி, ஓர் எழுத்துப் பிசகாமல் கூவினார்:

"வாங்க, வாங்க! இடம் இருக்கு!"