எங்கள் மணலை மீட்ட காலை

எங்கள் குப்பத்தில் அந்த நாளை இன்றும் மீட்பு என்றுதான் சொல்கிறார்கள். வருஷா வருஷம் பட்டாசு வெடித்து பிளெக்ஸ் வைக்கிறார்கள். பிளெக்ஸில் என் அண்ணன் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு கைகூப்பி நிற்கிறான். மண்ணை மீட்ட சிங்கமாம். சிங்கம் என் புருஷனைத் துடுப்பால் அடித்ததைப் போட மட்டும் இடமில்லை போலிருக்கிறது.

நான் பிறந்தது எண்ணூர் போகிற சாலையோரக் குப்பம். கட்டிக்கொண்டு போனது தெற்கே அடுத்த குப்பம், கூப்பிடு தூரம்தான். கடல் இரண்டு ஊர்க் கரையையும் தின்றுவிட்டது. அதைத் தடுக்கக் கருங்கல் கொட்டி, கடலுக்குள் தூண்டில் வளைவு கட்டினார்கள். அதையொட்டி, என் அம்மா வீட்டுக்கு எதிரே, கொஞ்சம் மணல் சேர்ந்தது. படகு ஏற்ற வேறு இடம் கிடையாது. அந்த மணலுக்குத்தான் சண்டை.

என் புருஷனுடைய ஊர்க்காரர்கள் ஒரு மாலையில் இரும்புக் கம்பியோடு நான் பிறந்த குப்பத்துக்குள் புகுந்தார்கள். எங்கள் ஜனம் உடுத்திய துணியோடு ஓடி, திருவொற்றியூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கிடந்தது. பிடித்த மணலைக் காவல் காக்க வீட்டுக்கு ஓர் ஆண் போக வேண்டும், போகாதவனுக்குக் கடலில் தொழில் இல்லை என்று என் புருஷன் ஊரில் கட்டுப்பாடு. அவரும் போனார். நான் சோறு எடுத்துக்கொண்டு போவேன். அம்மா வீட்டில் முன்பின் தெரியாதவர்கள் கால் நீட்டிப் படுத்திருந்தார்கள். கதவைப் பெயர்த்து அடுப்பு எரித்திருந்தார்கள். ஒருவன் அம்மாவின் சீர் அண்டாவில் கால் கழுவிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தக் கால் அழுகிப் போக என்று வாய்விட்டே சொன்னேன்.

"கம்முனு வா. நம்ம இன்னா பண்ண முடியும்?" என்றார் என் புருஷன்.

சாலையில் போலீஸ் நின்றதால், மண்டபத்தில் இருந்த எங்கள் ஆட்கள் மணலை மீட்கக் கடல்வழியாக வந்தார்கள். நன்றாக விடிந்திருந்தது. நான் சாப்பாட்டுத் தூக்கை அப்போதுதான் கீழே வைத்தேன். ஃபைபர் படகுகள் வரிசையாக வருவதைப் பார்த்து, காவலுக்கு இருந்தவர்கள் கம்பியைத் தூக்கிக்கொண்டு கத்தினார்கள். அன்றைக்கு அலை மோசம். முதல் படகு கரையை நெருங்கும்போது எஞ்சின் நின்றுவிட்டது. அலை அதைக் குறுக்கே திருப்பிக் கல்லை நோக்கித் தள்ளியது. படகின் முனையில் என் அண்ணன்.

படகு கல்லில் மோதப் போகிறது என்றால், கரையில் இருப்பவன் தண்ணீரில் இறங்கிக் கயிறு வாங்குவான். யார் படகு, எந்த ஊர் என்று கடல் தொழில் செய்கிறவன் பார்ப்பதில்லை. நடை பழகிய நாளிலிருந்து பார்த்து வளர்ந்த வேலை, யோசிக்கும் முன்பே கை செய்துவிடும். அண்ணன் கயிற்றை வீசினான். என் புருஷன் கம்பியைப் போட்டுவிட்டு ஓடினார்.

"மச்சான், இந்தாண்ட போடு! வுடு, இன்னும் வுடு!"

மார்பளவுத் தண்ணீரில் நின்று, கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தார். படகு நேராகி மணலில் ஏறியது. அண்ணன் குதித்தான். எதிரில் நிற்கிற முதல் ஆளை விடக்கூடாது என்று மண்டபத்திலேயே பேசி வைத்திருந்தார்களாம். அந்த முதல் ஆள் கையில் கயிற்றோடு மச்சானைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். துடுப்பு இரண்டு தரம் இறங்கியது. பின்னால் வந்தவர்கள் அவரை மிதித்துக்கொண்டுதான் கரையேறினார்கள். நான் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நின்றிருக்க மாட்டார்கள், பாவிகள்.

காவல் இருந்தவர்கள் ஓடிவிட்டார்கள். மணல் எங்களுடையதாகிவிட்டது. அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் ஆட்டோவில் போகும்போது பின்னால் சரவெடி வெடித்தது. ஆஸ்பத்திரி வாசலிலேயே உயிர் போய்விட்டது.

அவருடைய ஊரில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கூட ஒட்டவில்லை. எதிரிப் படகை இழுத்துக் கரையேற்றிய துரோகி என்றார்கள். எங்கள் ஊரிலோ, தண்ணீரில் இறங்கி அடிக்க வந்தான் என்றார்கள். பாடை தூக்க இரண்டு ஊரிலிருந்தும் ஆள் வரவில்லை. வண்ணாரப்பேட்டையிலிருந்து அவருடைய பாய் தோஸ்துகள் வந்து தூக்கினார்கள்.

மீன்பிடித் தடைக்காலம் முடிகிற நேரத்தில் இரண்டு ஊருக்கும் புத்தி வந்தது. கேஸ் நடந்தால் யாரும் தொழிலுக்குப் போக முடியாது. மணலைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டு, பஞ்சாயத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அலையில் படகு மோதிச் செத்தார் என்று போலீசில் சொல்ல வேண்டுமாம். நான் எழுந்து அண்ணனைக் காட்டினேன்.

"இவன்தான் அடிச்சான். கயிறு வாங்குனவன அடிச்சான்."

அண்ணன் தரையைப் பார்த்தான். அதுவரை ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளப் பார்த்த இரண்டு ஊரும் ஒரே குரலில் என்னை உட்காரச் சொன்னது. நான் உட்காரவில்லை. இனி இவளோடு இரண்டு ஊரிலும் யாரும் பேசக்கூடாது என்று அங்கேயே தீர்ப்புச் சொன்னார்கள்.

நேராக அம்மாவிடம் போனேன். வாசலில் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"போனவன் போய்ட்டான். எனக்கு வூடு திரும்பிக் கெட்ச்சிகீது. அதுல மண்ண போட்றாத."

"உள்ள வர்ட்டாம்மா?" என்று கேட்டேன்.

"ஊர்ல கேட்டுக்கினு வா" என்றாள்.